சான்றிதழும் சாட்சியமும்

 

மகனோ மகளோ பட்டப்படிப்பை முடித்துவிட்டு, "இன்னும் ஒரு சான்றிதழ் இருந்தால் நல்ல வேலை கிடைக்குமாம்" என்று வந்து நிற்கும் இல்லங்கள் இன்று நம்மிடையே ஏராளம். பெற்றோர் திகைக்கின்றனர். பணம் கட்டுவதா, வேண்டாமா? அந்தக் காகிதத்திற்கு உண்மையிலேயே மதிப்புண்டா? அல்லது அதுவும் ஒரு வியாபாரம்தானா? இந்தக் கேள்வி என் குடும்பத்திற்கும் வந்தது. விடை தேடப் புறப்பட்ட எனக்கு, விடைக்கு முன்பாக என்னைப் பற்றிய ஓர் உண்மை தெரிய வந்தது. அது இனிமையான உண்மையன்று. ஆயினும் உங்களில் யாருக்கேனும் பயன்படலாம் என்ற எண்ணத்தில் அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

கேள்வி வந்த விதம்

என் ராத்தாவின் மகள் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றவள். 2024 ஆம் ஆண்டின் நடுவில் ஒரு நாள் அஸருக்குப் பின் வீட்டுக்கு வந்தாள். "மாமா, நான் டெக்னிக்கல் ரைட்டர் ஆகலாம் என்று நினைக்கிறேன். அதற்கென்று ஒரு தேர்வு இருக்கிறது. எழுதித் தேறினால் சான்றிதழ் தருவார்கள். உம்மா உங்களிடம் கேட்டுவிட்டுச் சொல்லச் சொன்னார்கள்" என்றாள்.

தொழில்நுட்ப எழுத்தாளர் என்பவர் யார் என்று நான் கேட்டேன். அவள் பொறுமையாக விளக்கினாள். நாம் வாங்கும் குக்கர், மருந்துக்குழாய், தையல் இயந்திரம், கைபேசி ஆகிய ஒவ்வொன்றோடும் ஒரு கையேடு வருகிறதல்லவா? கணினி மென்பொருளுக்கும், மருத்துவமனைக் கருவிகளுக்கும், விமானப் பராமரிப்புக்கும் அவ்வாறே கையேடுகள் உண்டு. பொறியாளர் அறிந்ததைப் பயன்படுத்துவோர் அறியும் வண்ணம் எழுதித் தருவதே அவர்களது பணி. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதைப் போல இத்தொழிலுக்கு நம் நாட்டில் சட்டப்படியான உரிமம் ஏதும் தேவையில்லை. யாரும் எழுதலாம். அதனால்தான், தேர்ந்தவர் யார் என்று காட்ட ஒரு சான்று வேண்டியிருக்கிறது என்றாள்.

நான் சிரித்தேன். "எழுதத் தெரிந்தவனுக்குச் சான்றிதழ் எதற்கு? ஆங்கிலம் தெரியும், தமிழ் தெரியும். கருவியைப் பார்த்து எழுத வேண்டியதுதானே!" என்றேன். கலைப் பட்டதாரி ஒருவனின் செருக்கு அது என்பதை அப்போது நான் உணரவில்லை.

அவள் சற்று நேரம் மௌனமாக இருந்தாள். பிறகு, "மாமா, கோபப்பட மாட்டீர்களே?" என்று கேட்டுவிட்டு, தன் கைப்பையிலிருந்து மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாள். அதில் இருந்தது என் கையெழுத்து.

என் கையெழுத்தில் இருந்த பிழை

2023 ஆம் ஆண்டில் என் உம்மாவுக்கு இன்சுலின் பேனா எழுதிக் கொடுத்தார் மருத்துவர். மருத்துவமனையில் ஒரு முறை போட்டுக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் உம்மாவுக்குப் பாதி மறந்துவிட்டது. பேனாவுடன் வந்த ஆங்கிலத் துண்டுப் பிரசுரத்தை நான்தான் படித்தேன். பொடி எழுத்தில் இரு பக்கமும் நிறைந்திருந்த அதை ஐந்தே வரிகளில் தமிழில் சுருக்கி எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தேன். "என் மகன் எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறான்!" என்று உம்மா வருவோரிடமெல்லாம் காட்டி மகிழ்ந்தார்கள். அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்துத் தாமே ஊசி போட்டுக் கொண்டார்கள்.

ஆனால் சர்க்கரை குறையவில்லை. மருத்துவர் அளவை உயர்த்தினார். பின்னரும் குறையவில்லை. மீண்டும் உயர்த்தினார். அந்நாட்களில் விடுமுறைக்கு வந்திருந்த ராத்தா மகள், உம்மாவின் கை நடுங்குவதைக் கண்டு, ஊசி போடும் பொறுப்பைத் தான் எடுத்துக் கொண்டாள். மூன்றாம் நாள் வைகறையில், தஹஜ்ஜுத்திற்கு எழுந்த உம்மா, எழுந்த இடத்திலேயே சரிந்தார்கள். உடலெல்லாம் வியர்வை, பேச்சு குழறியது. சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்திருந்தது. சர்க்கரை கரைத்த நீரைச் சிறிது சிறிதாகப் புகட்டினோம். அல்லாஹ் காப்பாற்றினான். மருத்துவர் அளவைக் குறைத்தார். வயதான உடம்பு, இப்படித்தான் இருக்கும் என்று நான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன்.

உண்மை வேறாக இருந்தது. பேனாவின் பொத்தானை அழுத்தியவுடன் ஊசியை வெளியே எடுத்துவிடக் கூடாது. அழுத்தியபடியே, ஊசி தோலுக்குள் இருக்கும் நிலையில், பத்து வரை எண்ண வேண்டும். இல்லையேல் மருந்தின் ஒரு பகுதி உள்ளே செல்லாமல் வெளியே கசிந்துவிடும். அதற்கும் முன்னதாக, இரண்டு அலகு வைத்து அழுத்தி, ஊசி முனையில் ஒரு துளி தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். இவ்விரண்டும் அந்த ஆங்கிலப் பிரசுரத்தில் தெளிவாகவே இருந்தன. என் ஐந்து வரிகளில் இரண்டுமே இல்லை! "முக்கியமானவை மட்டும் போதும்" என்று எண்ணி நான் விட்டுவிட்டிருந்தேன்.

உம்மா என் தாளில் உள்ளபடியே செய்தார்கள். குத்தினார்கள், அழுத்தினார்கள், எடுத்துவிட்டார்கள். மருந்து முழுவதும் உள்ளே போகாததால் சர்க்கரை குறையவில்லை. குறையாததால் மருத்துவர் அளவை உயர்த்தினார். ராத்தா மகளோ மருத்துவமனையில் பார்த்தபடி பத்து வரை எண்ணி முறையாகப் போட்டாள். உயர்த்தப்பட்ட அளவு முழுவதும் முதன்முறையாக உடலுக்குள் சென்றது. அதன் விளைவே அந்த வைகறை.

மருத்துவரிடம் உம்மாவுடன் சென்றவள் அவள்தான். அவர் விளக்கிய பிறகு, வீட்டுக்கு வந்து பிரசுரத்தையும் என் தாளையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். என் தாளை எடுத்துவிட்டு, ஏழு படிகளாக, படம் வரைந்து, புதிய தாள் ஒன்றை எழுதி ஒட்டியிருக்கிறாள். நான் அதைப் பார்த்தபோது, என் கையெழுத்து அழகாக இல்லை என்பதற்காக மாற்றியிருக்கிறாள் என்று நினைத்துக் கொண்டேன். மாமனின் மனம் நோகக் கூடாதென்று ஓராண்டு காலம் அவள் வாய் திறக்கவில்லை.

வாசகர்களே! அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் அமர்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை எத்தனையோ முறை மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். அது ஊசி பிடிக்கும் கைக்கு மட்டுமன்று, பேனா பிடிக்கும் கைக்கும் பொருந்தும் என்பது அன்றுதான் என் நெஞ்சில் பட்டது.

எழுத்து வேறு, இக்கலை வேறு

மொழியறிவு வேறு, செய்முறையை எழுதும் கலை வேறு. ஒரு படியில் ஒரு செயலையே சொல்ல வேண்டும். எச்சரிக்கையைச் செயலுக்குப் பின்னால் சொல்லாமல் முன்னால் சொல்ல வேண்டும். படிப்பவரின் வயது, பார்வை, பழக்கம் ஆகியவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். எழுதியதை உரியவர் கையில் கொடுத்து, அவர் செய்வதை அருகிருந்து பார்த்துத் திருத்த வேண்டும். இவற்றில் ஒன்றையும் நான் செய்யவில்லை.

இதில் நேரும் குறை உயிரையும் தொடும் என்பதற்கு உலகறிந்த சான்று உண்டு. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 'தெரக் 25' என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சுக் கருவி ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களில் சிலர் இறந்தனர். மூல காரணம் மென்பொருளிலும் கருவியின் பாதுகாப்பு அமைப்பிலும் இருந்த குறைபாடுகளே. ஆனால், திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்ற செய்தி தோன்றியபோது அதன் பொருள் என்ன என்று கருவியை இயக்கியவருக்குச் சொல்ல அவரது கையேட்டில் ஒரு வரியும் இல்லை. சிறு கோளாறு என்றெண்ணிச் சிகிச்சையைத் தொடரும் பொத்தானை அவர் அழுத்தினார். எழுதப்படாமல் போன ஒரு விளக்கம் எவ்வளவு கனமானது, பாருங்கள்!

இக்கலை நமக்குப் புதியதன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தியார்பக்கிர் பகுதியை ஆண்ட அர்த்துகிய்யா அரசர்களிடம் பணியாற்றிய அல்ஜஸரீ என்னும் பொறியியல் மேதை, மன்னரின் விருப்பத்திற்கிணங்கி, 1206 ஆம் ஆண்டில் ஒரு நூலை எழுதி முடித்தார். நீர்க் கடிகாரங்கள், நீரிறைக்கும் இயந்திரங்கள் முதலான ஐம்பது கருவிகளைச் செய்யும் முறை அதில் உள்ளது. உறுப்புகளை எழுத்துகளால் குறியிட்டுப் படம் வரைந்து, பின்னால் வரும் கைவினைஞர் தாமே செய்துகொள்ளும் அளவுக்கு விளக்கியிருக்கிறார். ஏறத்தாழ 770 ஆண்டுகளுக்குப் பிறகு, 1976 இல் லண்டனில் நடந்த இஸ்லாமிய உலக விழாவை ஒட்டி, அவரது நூலைப் பின்பற்றி ஒரு நீர்க் கடிகாரத்தைச் செய்து இயங்க வைத்தார்கள். எழுதியவர் மண்ணுக்குள் மறைந்த பின்னும் கருவியை ஓட வைத்த எழுத்து அது. என் எழுத்தோ அடுத்த அறையிலிருந்த உம்மாவுக்கே பயன்படவில்லை.

பக்தாதில் நடந்த தேர்வு

தொழில் செய்வோரைச் சோதித்துச் சான்றளிக்கும் வழக்கமும் நம் வரலாற்றில் உண்டு. ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931 இல், பக்தாதில் ஒரு மருத்துவரின் தவறால் நோயாளி ஒருவர் இறந்தார். செய்தி கலீஃபா அல்முக்ததிரை எட்டியது. தலைமை மருத்துவர் சினான் இப்னு தாபித் சோதித்துச் சான்றளித்தாலன்றி எவரும் மருத்துவம் செய்யலாகாது என்று அவர் ஆணையிட்டார். அந்நகரில் மட்டும் 860 க்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

அத்தேர்வுக்கு வந்தவர்களில் கண்ணியமான தோற்றமுடைய முதியவர் ஒருவரும் இருந்தார். தமக்கு எழுதவோ படிக்கவோ தெரியாது. ஆனால் குடும்பம் இத்தொழிலை நம்பியே இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டார். சினான் அவரை விரட்டவில்லை. அறியாத நோயைத் தொடக்கூடாது, நோய் தெளிவாகத் தெரிந்தாலன்றி இரத்தம் எடுக்கவோ பேதி மருந்து தரவோ கூடாது என்று எல்லை வகுத்து அனுமதித்தார். சாதாரண மணப்பாகு தருவதைத் தாண்டி இதுவரை நான் சென்றதே இல்லை என்றாராம் முதியவர். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். யாரிடம் கற்றாய் என்று கேட்க, என் தந்தையிடம் என்றார். தந்தை யாரென்று விசாரித்தால், நேற்று வந்த அதே முதியவர்! சினான் புன்னகைத்து, தந்தைக்கு விதித்த அதே எல்லையை மகனுக்கும் விதித்து அனுப்பினார்.

இந்நிகழ்ச்சியில் எனக்கு ஒரு பாடம் இருந்தது. சான்று என்பது தகுதியை மட்டுமன்றி எல்லையையும் காட்ட வேண்டும். எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை அந்தப் படிக்காத முதியவர் அறிந்திருந்தார். பட்டம் பெற்ற நான் அறிந்திருக்கவில்லை.

சான்றளித்தவரே மூடிவிட்டால்?

ராத்தா மகள் விரும்பிய தேர்வு அமெரிக்காவைச் சேர்ந்த ஓர் அமைப்புடையது. அதன் பெயர் சொசைட்டி ஃபார் டெக்னிக்கல் கம்யூனிகேஷன். 1953 இல் தோன்றிய சங்கங்களிலிருந்து வளர்ந்தது. அடிப்படை நிலை, செயல்முறை நிலை, வல்லுநர் நிலை என மூன்று படிகளில் சான்றளித்து வந்தது. திட்டமிடல், ஆய்வு, உள்ளடக்கம் உருவாக்கல், அமைப்பு முறை, எழுத்து, காட்சிப் படம், சரிபார்த்துச் செம்மையாக்கல், உள்ளடக்க நிர்வாகம், தயாரித்து வழங்கல் ஆகிய ஒன்பது துறைகளில் அடிப்படைத் தேர்வு அமைந்திருந்தது. அந்தப் பட்டியலை அவள் வாசிக்கக் கேட்டபோது, என் ஐந்து வரித் தாள் எந்தெந்தத் துறைகளில் தோற்றிருக்கும் என்று நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டேன்.

அத்துடன் என் எதிர்ப்பு முடிந்தது. என் ஊதியத்திலிருந்து மாதந்தோறும் சிறிது ஒதுக்கி, தேர்வுக் கட்டணத்தைச் சேர்க்கத் தொடங்கினேன். பணம் சேரும் தறுவாயில், 2025 ஜனவரி இறுதியில் அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. குரல் தழுதழுத்தது. அந்த அமைப்பு கடன்சுமை தாளாமல் திவால் மனு கொடுத்து, தன் பணிகளை நிறுத்திக்கொள்வதாக அறிவித்துவிட்டது! எழுபது ஆண்டுகளைக் கடந்த நிறுவனம் ஒரே அறிவிப்பில் முடிந்துபோனது.

"கொடுப்பவர்களே இல்லாமல் போனால், அந்தக் காகிதத்தை வாங்கியவர்களின் நிலை என்ன மாமா? நல்ல வேளை, நாம் பணம் கட்டவில்லை. ஆனால் இனி எதை நம்பிப் படிப்பது?" என்று கேட்டாள்.

அப்போது நான் அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

ஸனதின் தத்துவம்

அரபு மொழியில் சான்றிதழுக்கு 'ஷஹாதா' என்றே பெயர். சாட்சியம் என்பதற்கும் அதுவே சொல். ஆக, சான்றிதழ் என்பது ஒரு சாட்சி. "இவர் ஓத நான் கேட்டேன், இவர் செய்ய நான் கண்டேன்" என்று அறிந்தவர் ஒருவர் அறியாதவர் முன்னிலையில் கூறும் சாட்சியம். சாட்சி சொன்னவர் மறைந்துவிட்டார் என்பதற்காக அவர் கண்ட உண்மை பொய்யாகிவிடாது.

நம் உஸ்தாதுகள் இஜாஸா வழங்கும் முறையைப் பாருங்கள். மாணவர் குர்ஆனை முதலிலிருந்து முடிவு வரை ஓதுகிறார். உஸ்தாத் ஒவ்வோர் எழுத்தையும் காதால் கேட்டுத் திருத்துகிறார். அதன் பிறகே இஜாஸா. அதில் உஸ்தாதின் பெயர், அவருடைய உஸ்தாதின் பெயர் என்று தொடர் நீண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சென்றடைகிறது. அங்கே சாட்சி சொல்வது கட்டிடமன்று, மனிதர். பதினோராம் நூற்றாண்டில் பக்தாதில் நிறுவப்பட்ட, இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் பாடம் நடத்திய நிஜாமிய்யா மதரஸா இன்று இல்லை. அங்கே கற்பிக்கப்பட்ட கல்வி இன்றும் இருக்கிறது.

அதற்காக நிறுவனச் சான்றே வீண் என்று நான் சொல்லவில்லை. நம் ஆலிம்களின் பெயருக்குப் பின்னால் பாகவி, மன்பஈ, மிஸ்பாஹி என்ற பட்டங்களைக் காண்கிறோம். வேலூரா, லால்பேட்டையா, நீடூரா, எங்கே ஓதியவர் என்று அறிமுகமில்லாத ஊர்க்காரரும் கேட்காமலே அறிந்துகொள்கிறார். அறிமுகம் இல்லாத இடத்தில்தான் சான்றுக்கு வேலை இருக்கிறது. பெருநகரத்தில் உறவினரோ சிபாரிசோ உள்ளவனுக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது. கடற்கரையோரச் சிற்றூரிலிருந்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன ஒரு பெண்ணுக்கு அது பெரும் துணை. "இவள் யார்?" என்ற கேள்விக்கு அவள் சார்பாக ஒரு சாட்சி எழுந்து நிற்கிறதல்லவா?

ஆனால் ஒன்று. ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளர் தொடர் இருக்கிறது என்ற காரணத்திற்காக மட்டும் எதையும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. தொடரிலுள்ள ஒவ்வொருவரின் நினைவாற்றலையும் நேர்மையையும் தனித்தனியே ஆராய்ந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை ஸனது என்பது விசாரணையின் தொடக்கமே தவிர முடிவன்று. சான்றிதழையும் நாம் அப்படித்தான் நோக்க வேண்டும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

எனவே, பெற்றோர்களே! உங்கள் பிள்ளை ஒரு சான்றிதழின் பெயரைச் சொன்னால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, சாட்சி சொல்பவர் யார்? அத்தொழிலில் உள்ளவர்கள் கூடி நடத்தும் அமைப்பா, பயிற்சிக் கட்டணத்திற்காக மட்டும் நடத்தப்படும் கடையா? ஜெர்மனியில் 1978 முதல் இயங்கும் டெகோம் போன்ற தொழில்சார் சங்கங்கள் இத்துறையில் உண்டு. 2019 இல் வெளியான 82079-1 என்ற பன்னாட்டுத் தரவிதி, பயன்பாட்டுக் குறிப்புகள் எப்படி அமைய வேண்டும் என்று சொல்வதோடு, அவற்றை எழுதுவோருக்கு இருக்க வேண்டிய தகுதியைப் பற்றியும் பேசுகிறது. இத்தகைய வரையறைகளோடு ஒத்துப் போகிற பாடமா என்று பாருங்கள்.

இரண்டாவது, எதைச் சோதித்தார்கள்? வகுப்பில் அமர்ந்திருந்ததற்கும் சான்றிதழ் தருகிறார்கள்; தேர்வு எழுதியதற்கும் தருகிறார்கள்; செய்த வேலையைப் பார்த்தும் தருகிறார்கள். மூன்றும் ஒரே மதிப்புடையவை அல்ல. ஓதக் கேட்காமல் இஜாஸா தரும் உஸ்தாதை நாம் ஏற்போமா?

மூன்றாவது, காகிதத்தைப் பறித்துக்கொண்டாலும் கையில் என்ன மிஞ்சும்? கல்வி மிஞ்சுமானால் பணம் வீணாகவில்லை. பெயர் மட்டுமே மிஞ்சுமானால் ஒரு காசும் வேண்டாம். நகையை விற்றோ, வட்டிக்குக் கடன் வாங்கியோ எந்தச் சான்றிதழையும் வாங்க வேண்டியதில்லை. தொடக்கப் பாடங்கள் கட்டணமின்றியே கிடைக்கின்றன. கூகுள் நிறுவனம் தன் பொறியாளர்களுக்கு நடத்திய தொழில்நுட்ப எழுத்துப் பாடங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. முதலில் அவற்றில் பயிலட்டும். நாட்டம் நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பணத்தைப் பற்றி யோசிக்கலாம்.

ஒரு கையெழுத்துத்தானே?

இவ்வளவும் பிறருக்குச் சொல்லும் நான், என்னையும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. மதரஸாவில் ஆண்டுதோறும் ஸனதுகளில் கையெழுத்திடுபவன் நான். என் ஒவ்வொரு கையெழுத்தும் ஒரு சாட்சியமல்லவா?

அந்தத் தாள் என் கைக்கு வந்த அதே ஆண்டில், ஒரு மாணவரின் தந்தை என்னைத் தேடி வந்தார். பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலில் மகனுக்கு இமாம் வேலை தயாராக இருக்கிறது. ஸனது மட்டும் வேண்டும் என்றார். நல்ல பையன், ஏழைக் குடும்பம். ஆனால் சில எழுத்துகளின் உச்சரிப்பு இன்னும் சீராகவில்லை. நிறுத்தக் கூடாத இடங்களில் நிறுத்துவார். முன்பாக இருந்தால் இரக்கத்தால் கையெழுத்திட்டிருப்பேன். இம்முறை நான்கு மாதம் பொறுக்கச் சொன்னேன். "உஸ்தாத், ஒரு கையெழுத்துத்தானே?" என்று அவர் கண் கலங்கக் கேட்டார். என் உம்மாவுக்கு நான் விட்டதும் இரண்டு வரிகள்தானே என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. மாணவரோ கோபித்துக்கொள்ளாமல் நாள்தோறும் ஃபஜ்ருக்குப் பின் வந்து ஓதினார். ஐந்தாம் மாதம் முழு மனத்துடன் கையெழுத்திட்டேன். அவருடைய தந்தை இன்றும் என் ஸலாமுக்குப் பதில் சொல்வதோடு நிறுத்திக் கொள்கிறார். அந்தக் குடும்பம் இழந்த ஐந்து மாத வருமானத்தை எண்ணும்போது எனக்கு வேதனைதான். ஆயினும் பொய்ச் சாட்சி பெரும் பாவங்களில் ஒன்றென்று மாணவர்களுக்குப் போதித்துவிட்டு, மை தொட்டு அதையே நான் எழுத முடியாது.

நிறைவாக

ராத்தா மகளின் கதையை முடிக்காமல் விடலாகாது. சான்றிதழ் இல்லாமலேயே அவள் வேலைக்கு விண்ணப்பித்தாள். மருத்துவக் கருவிகள் தொடர்பான ஒரு நிறுவனத்தில், நீங்கள் எழுதியது ஏதேனும் உண்டா என்று கேட்டார்கள். உம்மாவுக்காகத் தான் எழுதிய ஏழு படித் தாளையும், தெருவிலுள்ள ஐந்து மூதாட்டியரிடம் கொடுத்து, அவர்கள் தடுமாறிய இடங்களைக் குறித்துக்கொண்டு திருத்திய மறுபதிப்பையும், அவற்றின் ஆங்கில வடிவத்தையும் கொடுத்தாள். எழுத்துத் தேர்வும் வைத்தார்கள். பயிற்சி நிலை ஊழியராகச் சேர்ந்திருக்கிறாள். இன்னொரு நல்ல அமைப்பின் சான்றிதழுக்கும் படித்துக்கொண்டிருக்கிறாள். ஒதுக்கி வைத்த பணம் அதற்கென்று அப்படியே இருக்கிறது. கணினியே கையேடு எழுதித் தரும் காலம் இது என்று சிலர் அவளைப் பயமுறுத்துகிறார்கள். கணினி எழுதியதில் எந்த வரி விடுபட்டது என்று கண்டுபிடிக்கத் தேர்ந்த கண் ஒன்று வேண்டும் என்பதை என் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவே சாட்சி சொல்லும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனமாகும். அது பேசுவது எழுத்தைப் பற்றியும் சாட்சியைப் பற்றியுமே. எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும் என்பது அதிலுள்ள கட்டளை. கடன் பத்திரத்திற்கு மட்டுமன்றி, பிறர் நம்பிச் செயல்படும் ஒவ்வொரு வரிக்கும் அந்த நேர்மை வேண்டும் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

என் பழைய தாளை அவளிடமிருந்து கேட்டு வாங்கி, ஸனதுகளில் கையெழுத்திடும் மேசையின் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பேனாவை எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படுகிறது. எனக்கு அதுவும் ஒரு சான்றிதழ்தான். என் எல்லை எதுவென்று காட்டும் சான்றிதழ்.

அறிந்ததை அறிந்தவாறு எழுதவும், அறியாத இடத்தில் பேனாவை நிறுத்தவும், நம் சாட்சியங்கள் அனைத்தையும் உண்மையாக வைத்துக்கொள்ளவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.